ஒரு துளையும் அறுபது லட்சம் டன்னும்

சந்தனத்துக்கு எரிச்சல் மூட்ட ஒரே கேள்வி போதும். "அடியில எத்தனை டன்னுங்க இருக்கும்?" பல்லடத்து டீக்கடையில் வேண்டுமென்றே கேட்டுச் சீண்டுகிறவர்கள் உண்டு. சாத்தூரிலிருந்து பனியன் வேலைக்கு வந்த குடும்பத்தில், நிலவியல் படித்தவர் அவர் ஒருவர்தான். பூமிக்கடியில் இருக்கும் கல்லைக் கணித்து அறிக்கை எழுதுவது இருபத்திரண்டு வருஷப் பிழைப்பு. இருக்கும் என்று நம்புவது ஒன்று, துளை போட்டு அளந்தது ஒன்று, வெட்டி விற்றால் கட்டுபடியாகும் என்பது இன்னொன்று. மூன்றையும் ஒரே எண்ணாக்கி ஊராரிடம் சொல்லக் கூடாது என்பது தொழிலின் விதி. சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

மங்கலத்தில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் மகுடேஸ்வரனுக்குக் குண்டடம் பக்கம் நாற்பது ஏக்கர் மானாவாரிக் காடு. அங்கே வெங்கச்சங்கல், அதாவது விலைபோகும் வெள்ளைக் குவார்ட்ஸ் கல், தெரிகிறது என்று கூப்பிட்டார். ஒரு துளை போட்டார்கள். நல்ல வெள்ளைக் கல்தான் வந்தது. 'ஒரே துளை. அளவு சொல்ல இயலாது. இன்னும் ஐந்து துளையாவது வேண்டும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார் சந்தனம்.

பத்து நாள் கழித்துத் தங்கை சின்னத்தாய் ஒரு நோட்டீஸோடு வந்தாள். அதே கம்பெனியில் செக்கிங் வேலை அவளுக்கு. 'அறுபது லட்சம் டன் கையிருப்பு. பங்குதாரர்கள் வரவேற்கப்படுகிறார்கள். ஆய்வு: நிலவியலாளர் சந்தனம்.'

"மக கல்யாணத்துக்கு வச்சிருந்ததைப் போட்டுட்டேண்ணே. ஒம் பேரு இருக்கே, பொறகென்ன யோசனைன்னுதான்."

சந்தனம் சாப்பிட்ட கையைக் கழுவியும் கழுவாமலும் வண்டியை எடுத்தார்.

மகுடேஸ்வரன் பதறவே இல்லை. "ஏனுங்க சார், சாம்பிள் ஒண்ணு ஓகே ஆயிருச்சுன்னா லட்சம் பீஸும் அப்படியேதானுங்களே வரும்? ஒரு துளைக்கு இத்தனைன்னா நாப்பது ஏக்கருக்குப் பெருக்கிப் பாத்தேனுங்க. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதமுங்க."

"பனியனைத் தைக்கிறது நீங்க. சாம்பிள் மாதிரியே தைக்கச் சொன்னா தைப்பாங்க. இந்தக் கல்லை எந்த டெய்லருங்க தைச்சான்? பானை எத்தனை பெருசுன்னே தெரியாதுங்க. இதுல சோறு பதம் பாக்கறீங்க."

"சரி, கோவிச்சுக்காதீங்க. இன்னொண்ணு போட்டுருவோமுங்க. இடம் நீங்களே சொல்லுங்க."

"இல்லீங்க, நீங்களே சொல்லுங்க."

மகுடேஸ்வரன் நூறடி தள்ளிக் கை காட்டினார். துளையிலிருந்து மேலே வந்ததெல்லாம் கறுப்புப் பொடி. முப்பதடி, அறுபதடி, தொண்ணூறடி, ஒரு துணுக்கு வெள்ளை இல்லை. அவர் முகம் சுண்டிப்போனது. அப்போதும் விடவில்லை, மகராசன். "இதைக் கணக்குல சேக்க வேண்டாமுங்க. முதல் துளைக்குப் பக்கத்துலயே இன்னும் ரெண்டு போட்டு எழுதிருவோமுங்க."

சந்தனம் தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு துளையில் கண்டதையும் ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, கம்பெனி கேட்டில் ஒட்டியிருந்த நோட்டீஸின் மேலேயே ஒட்டிவிட்டுப் போனார். ஷிப்ட் மாறுகிற நேரம். பணம் போட்டிருந்த ஆட்கள் எல்லாரும் நின்று படித்தார்கள்; திருப்பிக் கேட்டார்கள். ஒரு வாரத்தில் மகுடேஸ்வரன் எல்லாருக்கும் பணத்தைத் திருப்பித் தரவேண்டியதாயிற்று. பேசியிருந்த கூலி மட்டும் சந்தனத்துக்கு வரவில்லை. எந்தக் குவாரிக்காரரும் அப்புறம் கூப்பிடவுமில்லை.

சின்னத்தாய் பணம் இருந்த மஞ்சள் பையோடு வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, மத்த எடத்துல தோண்டிப் பாத்தா நெசமாவே அறுபது லட்சம் இருந்துட்டா?"

"இருந்தாலும் இருக்கும். எனக்குத் தெரியாது."

"தெரியாதா? தெரியாததுக்கா உள்ள பொழைப்பையும் கெடுத்துக்கிட்ட?"

"தெரியாததைத் தெரியும்னு எம் பேரைப் போட்டுச் சொன்னான். அதை நம்பி நீ ஒம் மக கல்யாணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டியே, தாயி."