துரையைத் தரைக்கு இறக்கியவள்

காப்பகத்தில் அவளைக் கிலுகிலுப்பை என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வேலைக்குப் போகிற தாய்மார்கள் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு, மாலையில் அழைத்துப் போகிற இடம் அது. ஆயாக்கள் பலர் இருந்தாலும், புதுப் பிள்ளை வருகிற அன்று வாசல் கேட்டுக்குக் கிலுகிலுப்பைதான் வர வேண்டும். தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு பிள்ளை ஊரைக் கூட்டும். அவள் பறித்து இழுக்கமாட்டாள். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காமல், ஒரு மரவண்டியை உருட்டி விடுவாள். வண்டி விலகி ஓடும். ‘இது எங்கே போகிறது?’ என்று பிள்ளையின் அழுகை ஒரு நொடி நிற்கும். அந்த நொடி அவளுக்குப் போதும்.

“போயிடுங்கம்மா. திரும்பிப் பார்க்காதீங்க. நீங்க பார்த்தா பிடி விடாது.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிற தாய்மார்களுக்கு அவள் கல்நெஞ்சுக்காரி. “பெத்திருந்தா தெரியும்” என்று ஒருத்தி அவள் காதுபடவே சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. சொன்னவளின் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். பத்தடி போவதற்குள் அது சிரித்துவிட்டது. அவள் கண்தான் கலங்கியிருந்தது.

அந்தக் கேட்டின் அருகே ஒருநாள் மழையில் நனைந்து ஊறிப்போன அட்டைப்பெட்டி கிடந்தது. உள்ளே ஒரு நாய்க்குட்டி. கூடப் பிறந்ததும் இல்லை, தாயும் இல்லை. கண் திறந்து நாளாகவில்லை. அன்று மாலை எல்லாப் பிள்ளைகளையும் அவரவர் தாய்மார்கள் வந்து அழைத்துப் போய்விட்டார்கள். இதை அழைத்துப் போக யாரும் வரவில்லை. அவளே எடுத்துக்கொண்டாள்.

அவள் கணவர் கடைசல் பட்டறையில் இயந்திரம் ஓட்டுகிறவர். காலம் பூராவும் அந்த இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசிப் பேசி, வீட்டிலும் தண்ணீர் கேட்பது சண்டைக்கு இழுப்பது போலத்தான் இருக்கும். குட்டி அவர் குரலைக் கேட்டாலே அவள் புடவை மடிப்புக்குள் புகுந்துகொள்ளும்.

“என்ன, உன் துரை சாப்பிட்டாச்சா?” என்று அவர் எட்டி நின்று கேட்பார். கிண்டலாக வந்த பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

துரை சாப்பிட்டது, தூங்கியது, அவள் பின்னாலேயே நடந்தது. விளையாட மட்டும் தெரியவில்லை. பந்தை உருட்டினால் பந்து போன திசைக்கு எதிர்த் திசையில் ஓடி, அவள் காலைக் கட்டிக்கொள்ளும். ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் தாயிடமிருந்து பிரித்து விளையாட வைத்தவள், இதை மட்டும் பிரிக்க மனசு வராமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். இருந்து இருந்து தனக்கென்று வந்ததல்லவா?

அடுத்த வீட்டு டெய்லரம்மா சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே சிரிப்பாள். “அக்கா, நாய் வளர்க்கிறீங்களா, இல்ல மடியில முடிச்சு போட்டு வச்சிருக்கீங்களா?”

“உனக்கென்னடி பொறாமை?”

அந்த வருஷமே கிலுகிலுப்பை படுத்துவிட்டாள். வயிற்றில் வந்த நோய். மருத்துவமனையில் திறந்து பார்த்துவிட்டு, திரும்ப மூடித் தைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனிமேல் மருந்து வலிக்குத்தான், நோய்க்கு இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவருக்கும் புரிந்துதான் இருக்கும். பெரிய கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டார். ஓசைப்படாமல் கதவைச் சாத்தப் பழகிக்கொண்டார்.

அவளுக்குச் சாவதில் பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. முன்பு ஒருமுறை அக்கா வீட்டுக்குப் போய்க் கொஞ்சநாள் தங்கிவிட்டு வந்தாள். வீட்டைத் திறந்தால் அடுப்பு ஏற்றின அடையாளமே இல்லை. மனுஷன் பட்டறை பெஞ்சிலேயே படுத்து, ரொட்டியைத் தின்று, மீதிப் பொழுதுக்கு இயந்திரத்தோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார். “ஆளில்லாத வீட்டுக்கு எதுக்கு வரணும்?” என்றார் அன்று. சாதாரணமாகச் சொன்னதுதான். இப்போது அந்த வார்த்தை ராப்பகலாக அவளைக் குடைந்தது. நான் போய்விட்டால் இவர் வீட்டுக்கு வரவே மாட்டார். வருவதற்கு ஒரு உயிர் காத்திருக்க வேண்டும்.

அந்த உயிரோ கட்டிலில் அவள் கை இடுக்கில் சுருண்டு கிடந்தது. அவர் அறைக்குள் வந்தால் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டது.

“துரையோட கொஞ்சம் விளையாடுங்களேன்,” என்றாள்.

மறுநாளே கடையிலிருந்து பை நிறைய வாங்கி வந்துவிட்டார். அமுக்கினால் கீச்சென்று கத்துகிற ரப்பர் எலும்பு, பஞ்சு முயல், பந்துகள். எலும்பை எடுத்து, குட்டியின் மூக்குக்கு நேரே நீட்டி ஒரு அமுக்கு அமுக்கினார். துரை கட்டிலிலேயே ஒன்றுக்குப் போய்விட்டது.

“ஐயோ, துப்பாக்கியா பிடிக்கிறீங்க?” வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. “மூஞ்சில கொண்டு போய் நீட்டினா யாருக்குத்தான் பயமா இருக்காது? உக்காருங்க.”

“உக்காந்துதானே இருக்கேன்.”

“நாற்காலில இல்ல. தரையில. அதைப் பார்க்காதீங்க. அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க.”

“அதைப் பார்க்காம எப்படி அதோட விளையாடுறது? நல்ல கூத்தா இருக்கே!”

“சத்தம்! இயந்திரம் ஓடலை இங்க.”

அவர் குரலைத் தணித்தார். அது அவருக்கு வண்டி தள்ளுகிற மாதிரி கஷ்டமாக இருந்தது. கடைச் சாமான்கள் எதுவும் எடுபடவில்லை. கடைசியில் தன் பட்டறைப் பையிலிருந்த எண்ணெய் துடைக்கிற துணியை ஒரு கயிற்றில் கட்டி, தரையில் அவர் இழுத்தார். துணி விலகி விலகிப் போனது. துரை கட்டில் விளிம்பில் வந்து தலையை நீட்டியது. காது இரண்டும் முன்னால் வந்தன. குதித்து இறங்கியது. துணியை எட்டிப் பிடிக்கப் போய், சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தது. ஒரே தாவல். திரும்பக் கட்டிலுக்கு வந்துவிட்டது.

தினமும் இதே கதை. இறங்கும், துணிக்கு அருகே போகும், அவளைத் திரும்பிப் பார்க்கும், ஓடி வந்துவிடும்.

அவளுக்கு இந்தப் பார்வை தெரியும். வாசல் கேட்டில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். பிடி பிள்ளையிடம் இல்லை, தாயிடம்தான். தாய் நின்றுகொண்டிருக்கும்வரை பிள்ளை நகராது.

அன்றுமுதல் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். துரை முதுகைச் சுரண்டி முனகியது. ஈரமூக்கைக் கழுத்தில் வைத்தது. “போ!” என்றாள். குரலைக் கடுமையாக்கிக்கொண்டு, “போன்னா போகணும்!” என்றாள். அது இறங்கிப் போய் அறை மூலையில் உட்கார்ந்து, என்ன தப்புச் செய்தோம் என்று பார்த்துக்கொண்டே இருந்தது. சுவரைப் பார்த்திருந்த அவள் கண்ணிலிருந்து நீர் தலையணையில் இறங்கியது.

அவர் இதைப் பார்த்தார். நோய் முற்றிவிட்டது, நாய் நாற்றமும் தொந்தரவும் தாங்க முடியவில்லை, வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. அவர் புரிந்துகொண்டது இப்படித்தான். டெய்லரம்மாவிடம் யோசனை கேட்டார். டயர் கடைக்காரருக்குக் காவலுக்கு ஒரு நாய் வேண்டுமாம் என்று அவள் சொன்னாள்.

“டயர் கடைக்காரர் நாளைக்கு வர்றார்,” என்றார் அன்று மாலை, கஞ்சிக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே. “துரையைக் கொடுத்துடலாம். நீ நிம்மதியா படு.”

கிலுகிலுப்பை திரும்பினாள். அவ்வளவு பலம் அந்த உடம்பில் எங்கிருந்து வந்ததோ, கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். கஞ்சி தரையெல்லாம் சிந்தியது.

“கொடுக்க நீங்க யாருங்க?”

“நீதானே விரட்டிக்கிட்டே இருக்கே? பிடிக்கலைன்னு நினைச்சேன்...”

“பிடிக்கலையா? எனக்கா?” அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “நெஞ்சைக் கல்லாக்கிட்டு விரட்டினேங்க. என்கிட்ட வராம உங்ககிட்ட வரணும்னு விரட்டினேன்.”

“என்கிட்ட எதுக்கு வரணும்?”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

அவர் மெதுவாக எழுந்தார். சிந்தின கஞ்சியைத் துடைக்கப் போவது போலக் குளியலறைக்குப் போனார். குழாய்த் தண்ணீர் வாளி நிரம்பி வழிந்து ஓடுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. தண்ணீர்ச் சத்தத்துக்குள் வேறொரு சத்தமும் கேட்டது. உரக்கப் பேசத் தெரிந்த அந்த மனிதருக்கு உரக்க அழவும் வந்தது.

திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். “நான் சமாளிச்சுக்க மாட்டேனா?” என்று கேட்டார்.

“மாட்டீங்க.”

அவர் டயர் கடைக்காரருக்கு வர வேண்டாமென்று சொல்லி அனுப்பினார்.

அதன் பிறகு பட்டறை விட்டதும் நேரே வீடு. தரையில் முழங்கை ஊன்றிக் குப்புறப் படுத்துவிடுவார். துரை முதலில் மூலையிலிருந்து பார்த்தது. பிறகு அவர் காலைச் சுற்றி வந்தது. அவள் சுவரைப் பார்த்தபடி சொல்லிக்கொடுத்தாள்: “பிடிச்சிடுச்சா? விட்டுடுங்க. ஒவ்வொரு தடவையும் நீங்களே ஜெயிச்சா அது எதுக்கு வரும்?”

“தோத்துப் போறதுக்கும் பாடமா?”

“உங்களுக்கு அதுதான் முதல்ல வேணும்.”

ஒருநாள் மாலை, முதன்முதலாகத் துரை உறுமியது. பல்லில் துணியைக் கவ்வி, பின்னங்காலைத் தரையில் ஊன்றி, பூஞ்சைக் குரலில் ஒரு உறுமல். அவர் வெடித்துச் சிரித்தார். கூரை அதிர்ந்தது. துரை பயந்து ஓடவில்லை. இன்னும் பலமாக இழுத்தது. “அடேய் திருட்டுப் பயலே! விடுடா! என் துணிடா!” என்று அவர் உருண்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் கேட்டிராத குரல் அது.

அவளால் தாங்க முடியவில்லை. சுவரிலிருந்து திரும்பிப் பார்த்துவிட்டாள்.

துரை அவளைப் பார்க்கவில்லை.

“கண்ணு...” என்று மெல்லக் கூப்பிட்டாள். கூப்பிடக் கூடாது என்று தெரியும். தெரிந்தே கூப்பிட்டாள். ஒரு காது மட்டும் அவள் பக்கம் திரும்பியது. அதற்குள் துணி இழுபட, துரை துணியோடு போய்விட்டது.

நினைத்தது நடந்துவிட்டது. நடந்ததும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அறுந்து விழுந்தது.

அவர் மூச்சு வாங்க எழுந்தார். “பார்த்தியா?”

“பார்த்தேன்,” என்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. குட்டியைத் தூக்கி வந்து அவளருகே விட்டார். துரை வாலாட்டியது. அவள் கையை ஒருமுறை நக்கியது. பிறகு அவர் பக்கம் திரும்பி, இறக்கிவிடச் சொல்லி நெளிந்தது.

“இருடா,” என்றார் அவர். “கொஞ்ச நேரம் அவகூட இருடா.”

“பிடிச்சு வைக்காதீங்க. விடுங்க. வெயில் தாழ்ந்துடுச்சு, தெருவுக்குக் கூட்டிட்டுப் போங்க.”

“உன்னைத் தனியா விட்டுட்டா?”

“போங்கன்னா!”

அவர் போனார். வாசல் படியில் துரை தடுக்கி விழுந்ததும், அவர் அதட்டாமல் சிரித்ததும், தெருமுனைவரை அந்தக் குரல் தேய்ந்துகொண்டே போனதும் அவள் காதில் விழுந்தன. அதற்கப்புறமும், எங்காவது கேட்கிறதா என்று, கிலுகிலுப்பை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.