சனிக்கிழமை நடந்து வந்தவர்கள்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு வைத்தியசாலையிலிருந்து தொலைபேசி வந்தது. என் பெரியக்கா குணேஸ்வரி நித்திரையிலேயே போய்விட்டதாகத் தாதி சொன்னார். முதல் நாள் நெஞ்சு நோகிறது என்று தானே பஸ் ஏறிப் போனவள். என்னிடம்கூடச் சொல்லவில்லை.

அக்கா கலியாணம் செய்யவில்லை. மட்டக்களப்பிலிருந்து அகதியாக வந்து, பாடன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தாள். அங்கே இருந்த ஒரு மூதாட்டியைக் கடைசிக் காலத்தில் அவள்தான் பார்த்துக்கொண்டாள். அந்த மூதாட்டியின் மகள் வைலர் அம்மா. அவர்கள் யூதர்கள். தாயின் துக்கம் முடிந்த பிறகு, தங்கள் சபையின் வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கு உதவ வருவாயா என்று அவர் அக்காவிடம் கேட்டார்.

முதல் வெள்ளி அக்கா கோபத்தோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"அடுப்பை நான் பத்த வைக்கக் கூடாதாம். அவ வந்துதான் பத்த வைக்கோணுமாம். எனக்கு நெருப்புப் பெட்டி பிடிக்கத் தெரியாதோ?"

மறுவாரம்தான் அது அவர்களுடைய சமயச் சட்டம் என்று விளங்கிற்று. அடுப்பைத் தங்கள் ஆள் மூட்டினால், பிறகு யார் சமைத்தாலும் சாப்பிடுவார்கள். அதற்குப் பிறகு அக்கா தன் உடைந்த ஜெர்மனில் வைலர் அம்மாவிடம், "நெருப்பு உங்கட, உப்பு என்ர" என்று சொல்லிச் சிரிப்பாளாம். சபையில் எல்லோரும் அதைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

கொஞ்சக் காலத்தில் அவளுக்கும் மேசையில் ஒரு கதிரை போட்டார்கள். சமைத்து முடித்துக் கை கழுவி, அவர்களோடு இருந்து சாப்பிட்டு, அவர்கள் பாடும்போது தானும் முணுமுணுப்பாள். சொற்கள் தெரியாது. மெட்டு மட்டும் வரும். என் வீட்டுக்கு வந்து வெங்காயம் உரிக்கும்போதும் அதே மெட்டுத்தான்.

என்றாலும் ஒரு சந்தேகம் அவளை விடவில்லை.

"நான் அங்க வேலைக்காரியோ, வீட்டு ஆளோ எண்டு இன்னும் தெரியேல்ல புள்ள. செத்தாத்தான் தெரியும்."

"செத்த பிறகு உனக்கு ஆர் வந்து சொல்லுறது?"

"நீ பாத்து வை."

விளையாட்டாகத்தான் சொன்னாள். அந்தச் செவ்வாய்க்கிழமை முழுவதும் அதுவே எனக்குள் கிடந்தது.

என் கணவர் சந்திரகுமார் காரியங்களைப் பொறுப்பெடுத்தார். பேர்ண், லுசேர்ண் என்று பல இடங்களிலிருந்து ஆட்கள் வர வேண்டும். எல்லோருக்கும் வேலை. எங்கள் செத்தவீடுகள் இங்கே பெரும்பாலும் சனிக்கிழமைதான். அவரும் சனிக்கிழமை என்று மண்டபத்தைப் பதிந்து, மரண அறிவித்தலும் கொடுத்துவிட்டார். நான் வைலர் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் அழுதார். செத்தவீடு எந்த நாள் என்று சொன்னேன். "சனிக்கிழமை. சரி" என்றார்.

தொலைபேசியை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வெள்ளி பொழுது பட்டதிலிருந்து சனி பொழுது படும்வரை அவர்களுக்கு ஓய்வுநாள். கார், பஸ் எதிலும் ஏற மாட்டார்கள். குடை விரிக்க மாட்டார்கள். வெளியே கையில் ஒன்றும் காவிக்கொண்டு போக மாட்டார்கள். இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவளே அக்காதான்.

"நாளை மாத்தேலாதோ?" என்று சந்திரகுமாரிடம் கேட்டேன்.

"பத்துப் பேருக்காக நூறு பேரை மறிக்கேலுமோ? நீயே சொல்லு" என்றார் அவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

சனிக்கிழமை விடியவே மழை. மண்டபம் நிறைந்துவிட்டது. ஐயர் கிரியை தொடங்கியும் நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கள் ஆட்களை அவர்கள் எரிப்பதில்லை, புதைப்பார்கள். வராவிட்டாலும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

அப்போது கதவு திறந்தது. ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். கறுப்புக் கோட்டுகளிலிருந்து தண்ணீர் வடிந்தது. வைலர் அம்மாவின் நரைத்த தலைமயிர் நெற்றியோடு ஒட்டிப் போயிருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தங்கள் வீடுகளிலிருந்து, அந்த மழையில் நடந்து வந்திருந்தார்கள்.

எனக்குப் பின்னால் சித்தப்பா முறையான ஒருவர் குசுகுசுத்தார். "என்ன சனமப்பா, ஒரு பூவும் இல்லை, குடையும் இல்லை."

"கொண்டு வரக் கூடாது சித்தப்பா. இண்டைக்கு அவையள் வந்ததே பெரிசு" என்று திரும்பிச் சொன்னேன். என் குரல் எனக்கே உரத்துக் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் ஐயர், "உரித்துக்காரர் மட்டும் முன்னுக்கு வாங்கோ" என்றார். மற்றவர்கள் விலகினார்கள். வைலர் அம்மா என் பக்கம் குனிந்து ஐயர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். குடும்பத்தவர் மட்டும் வரட்டாம் என்று ஜெர்மனில் சொன்னேன். அவர் தலையசைத்தார். ஈரக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு என்னோடு முன்னுக்கு வந்தார்.

வாய்க்கரிசி அவர் போடவில்லை. பெட்டியின் ஓரத்தைத் தொட்டபடி நின்றார். சித்தப்பா தள்ளி இடம் விட்டார்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது சந்திரகுமார் கார்க் கதவைத் திறந்து, "ஏறுங்கோ அம்மா, கொண்டுபோய் விடுறன்" என்றார்.

"இன்றைக்கு ஏறக் கூடாது" என்றார் வைலர் அம்மா. "குணேஸ் இருந்தால் உங்களைத் திட்டியிருப்பாள்."

செவ்வாயிலிருந்து சந்திரகுமார் முதல் தடவையாகச் சிரித்தார். காரைப் பூட்டிவிட்டு அவர்களோடு நடந்து போனார். ஆறு வரை போய் முழுக்க நனைந்து திரும்பி வந்தார்.

மறுநாள் அக்காவின் அறையைத் திறந்தேன். தையல் இயந்திரத்தில் ஒரு வெள்ளை மேசை விரிப்பு இருந்தது. வைலர் அம்மாவைக் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் ஆட்கள் கூடியதால் இன்னொரு மேசை போட்டதாகவும், பழைய விரிப்பு எட்டாததால் ஒரு துண்டு சேர்த்துத் தைத்துத் தருவதாக அக்கா வாங்கிக்கொண்டு போனதாகவும் சொன்னார். துண்டைச் சேர்த்துவிட்டாள். கரை மடித்து ஊசி குத்தியபடி இருக்கிறது. பாதிக்கு மேல் இன்னும் தைக்கவில்லை.