ஆணியில் ஓர் இரும்பு வளையல்

வெம்பக்கோட்டை ரோட்டில் இருந்த அந்தப் பட்டாசுக் கம்பெனியில், காலையில் வேலைக்கு வரும் பெண்கள் முதலில் வாட்ச்மேன் அறையில்தான் நிற்க வேண்டும். சேலை ஊக்கு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் அங்கே ஒரு டப்பாவில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகலாம். இரும்பு உரசினால் பொறி வரும். பொறி பட்டால் வெடிமருந்து கேட்காது. டப்பாவுக்கு மேலே சுவரில் ஓர் ஆணி. அது மிதாலிக்கு மட்டும். அதில் அவளுடைய இரும்பு வளையல் தொங்கும்.

மிதாலி வங்காளத்தில் புருலியாப் பக்கம். ஏழு வருஷத்துக்கு முன் புருஷன் பிகாஷோடும் இடுப்பில் மகள் ரிங்குவோடும் ரயிலில் வந்து இறங்கினாள். அவள் ஊரில் கட்டிக்கொடுத்த பெண்ணின் இடது கையில் மாமியார் இரும்பு வளையல் போட்டுவிடுவாள். புருஷன் இருக்கும்வரை அது இறங்கக் கூடாது. கூடவே போட்டிருந்த சங்கு வளையல் வந்த வருஷமே உடைந்துபோனது. மாற்றிப் போட சிவகாசியில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. மிஞ்சியது இரும்பு.

முதல் நாளே வாட்ச்மேன் கருப்பணன் அதைக் கழற்றச் சொன்னார். அவள் வளையல்மேல் துணியைச் சுற்றிக் காட்டினாள். அவர் தலையை ஆட்டினார். தெருவில் பெண்கள் பையன்களை அதட்டுவதைக் கேட்டுக் கேட்டு அவள் அதுவரை இரண்டே சொல்தான் கற்றிருந்தாள்.

"ஏலே," என்றாள், கையைக் கூப்பிக்கொண்டு. "ஏலே, வேணாம் ஏலே."

கருப்பணனுக்கு அறுபது வயது. வரிசையில் நின்ற பெண்கள் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. குருவம்மாள்தான் முதலில் நிறுத்தினாள். பிற்பாடு ஒரே அறையில் மிதாலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெடிக்குத் திரி வைத்தவள் அவள்தான்.

பேச்சு வந்த பிறகு ஒருநாள் மிதாலி அவளிடம் கேட்டாள்.

"குருவக்கா, ஒங்க தாலியக் கழட்டச் சொன்னா கழட்டுவீகளா?"

"அது மஞ்சக்கயிறு புள்ள. பொறி தட்டாது. ஒங்க ஊர்ல புருசன இரும்புலயா கட்டிப்போடுவாக? அதான் அவன் ஒன்னைய விட்டு நகரவே மாட்டேங்கான்."

மிதாலியும் சிரித்தாள். காலையில் கழற்றுவது, சாயங்காலம் மாட்டுவது. பகலில் வெறுங்கையைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள். ஊரிலிருந்து மாமியார் போனில் வீடியோவில் வந்தால் இடது கை தெரியும்படி போனைப் பிடிப்பாள். பகலில் வந்தால் எடுக்கமாட்டாள்.

புரட்டாசியில் ஆர்டர் நெருக்கிய ஒரு சாயங்காலம் வடக்கே கறுத்தது. ஒரு மின்னல். மின்னல் வெட்டினால் மருந்துப் பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது. கம்பெனிச் சங்கு ஊதியது, வேலையைப் போட்டது போட்டபடி எல்லோரும் கேட்டைப் பார்த்து ஓடினார்கள். வேன்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். ஆமத்தூர் தாண்டிய பிறகுதான் மிதாலி கையைப் பார்த்தாள்.

"வண்டியத் திருப்பச் சொல்லுங்கக்கா."

"இந்த மழையிலயா? எங்கன போயிரப்போகுது? ஆணியிலதான தொங்குது. காலையில மாட்டிக்க."

அன்று ராத்திரி பிகாஷ் சாப்பிடும்போது அவள் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அவன் கவனிக்கவில்லை. அதே கம்பெனியில் அவன் பார்த்த மருந்து கலக்கும் வேலை வெயில் ஏறுமுன் முடிய வேண்டும் என்பதால் விடியும் முன்பே எழுந்து போனான். ஆறே முக்காலுக்குச் சத்தம் கேட்டது. ஆமத்தூர்வரை கேட்டது.

கலப்பறையில் அவன் மட்டும்தான் இருந்தான். ஆசுபத்திரியில் எழுபது சதவீதம் என்றார்கள். தீக்காய வார்டு வராந்தாவில் எல்லோரும் எண்ணில்தான் பேசிக்கொண்டார்கள். நாற்பதுக்காரனின் மனைவி டீ வாங்கிவந்து எழுபதுக்காரனின் மனைவிக்குக் கொடுத்தாள். எழுபது என்றால் என்னவென்று அந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். மிதாலிக்குத் தெரியாது. குருவம்மாளுக்குத் தெரியும், அவள் டீயை ஆற்றிக் கொடுத்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் துணிச்சுற்றாகக் கிடந்தான். உள்ளே விடவில்லை. வெளியில் செய்வதற்கும் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் மிதாலி எழுந்தாள்.

"நா கம்பெனிக்குப் போறேன்க்கா. வளையல எடுக்கணும்."

"கம்பெனிக்குச் சீல் வச்சிட்டாக தாயி."

"ஆணியிலதான இருக்கு? நீங்கதான சொன்னீக?"

குருவம்மாள் பையை எடுத்துக்கொண்டாள். மிதாலியோடு பஸ் ஏறினாள்.

கேட்டில் அரக்கு முத்திரை. நாற்காலியில் ஒரு போலீஸ்காரர். இரும்புக் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தால் வாட்ச்மேன் அறைச் சன்னல் தெரிந்தது. சன்னல் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. உள்ளே சுவர் இருட்டாக இருந்தது.

"ஒரு வளையல்தான் சார்," என்றாள் குருவம்மாள். "கைக்கெட்டுற தூரந்தான். நீங்களே எடுத்துக் குடுத்தாலும் சரி."

"உள்ள இருந்து ஒரு குண்டூசி வெளிய வந்தாலும் என் வேலை போயிரும். போங்கம்மா."

"அவ புருசன் ஆசுபத்திரியில கெடக்கான் சார்."

"தெரியும்மா. அதுக்கு நான் என்ன செய்ய?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டது போலத்தான் இருந்தது. மிதாலி கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வரமாட்டாள் என்று தெரிந்தது. குருவம்மாள் சுற்றிப் பார்த்தாள். முள்வேலியைக் கல்தூணோடு இறுக்கியிருந்த கட்டுக்கம்பியின் வால் நீண்டுகொண்டிருந்தது. அதை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடித்தாள். போலீஸ்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கையக் காட்டு."

"மாமியார்தான் போடணும்க்கா."

"இன்னைக்கு ஒருநா என்னைய மாமியான்னு நெனச்சுக்க. இரும்புதான? இதுவும் இரும்புதான். காட்டு."

துருப்பிடித்த கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி முனையை உள்ளே மடக்கிவிட்டாள். பக்கத்துக் கம்பெனியில் நாலு மணிச் சங்கு ஊதியது. மிதாலி தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து குருவம்மாளின் காலைத் தொட்டாள்.

வார்டு வாசலில் நர்ஸ் ஜாஸ்பின் நின்றிருந்தாள். "எங்கம்மா போனீங்க? எங்கெல்லாம் தேடுறது? மூணேகாலுக்கே முடிஞ்சிருச்சு."

மிதாலி குருவம்மாளைப் பார்த்தாள். குருவம்மாள் கம்பியைப் பார்த்தாள்.

மாமியாரிடம் போனில் சொன்னது ரிங்கு. அந்தப் பக்கம் அழுகை ஓய்ந்த பிறகு, கழற்றிவிடச் சொன்னார்கள். ஆற்றில் போட வேண்டுமாம். வைப்பாற்றில் தண்ணீர் இல்லை. குருவம்மாள்தான் முனையைப் பிரித்துக் கழற்றி மணலில் புதைத்தாள். கம்பி கீறிய இடம் நாலு நாள் சீழ் வைத்திருந்தது.

ஊருக்கு வந்துவிடு என்றான் மிதாலியின் அண்ணன். அங்கே அண்ணன் வீட்டு மூலையில் ஒரு பாய் கிடைக்கும். ரிங்குவுக்குத் தமிழ்தான் எழுத வரும். நாலாம் வகுப்பில் முதல் ஆளாக வருகிறாள். மிதாலி வரவில்லை என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு, வேறு என்ன வேலை தெரியும் என்று யோசித்துப் பார்த்தாள். திரி வைக்கத் தெரியும்.

நாலு மாதம் கழித்துக் கம்பெனியைத் திறந்தார்கள். கலப்பறை இருந்த இடத்தில் புதுச் சுவர். பெண்கள் ஊக்குகளை டப்பாவில் போட்டார்கள். மிதாலியின் முறை வந்தபோது கருப்பணன் சுவருக்குத் திரும்பி ஆணியிலிருந்து எடுத்து, வேட்டியில் புழுதியைத் துடைத்து நீட்டினார்.

"இந்தாத்தா. பத்திரமா இருக்கு. அம்புட்டுச் சத்தத்துலயும் ஆணிய விட்டு விழல பாரு."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் நின்றார். மிதாலி வாங்கிக்கொண்டாள். உள்ளே கொண்டுபோக முடியாது. கையிலும் போட முடியாது. திரும்ப அந்த ஆணியிலேயே மாட்டினாள். தொட்டியில் கால் கழுவிவிட்டு உள்ளே போனாள். குருவம்மாள் நகர்ந்து இடம் விட்டாள்.

சாயங்காலம் எல்லோரும் டப்பாவில் ஊக்குத் தேடினார்கள். மிதாலி நேராக வேனுக்கு நடந்தாள்.

"ஏத்தா, வளையலு," என்று கருப்பணன் கூப்பிட்டார்.

அவள் நின்றாள்.

"நாளைக்கு எடுத்துக்கிறேண்ணே."

மறுநாளும் அதைத்தான் சொன்னாள்.