கம்ப்யூட்டர் கேட்ட கேள்வி

போன சனிக்கிழமை ஒரு கேள்வி என்னை ஆட்டிவைத்துவிட்டது. சிரிக்காதீங்க, சொல்கிறேன். "டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிட்டு இன்ஸ்டால் செய்யவா?"

கேட்டது கம்ப்யூட்டர். என் மனைவி பிலோமினாவின் லேப்டாப். அவர் வட்டகொடைப் பக்கம் ஸ்கூல் டீச்சர். அவருடைய பிள்ளைகள் முப்பத்து நான்கு பேர் மூன்று மாதமாகச் செய்த ப்ராஜெக்ட் திங்கட்கிழமை போக வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகள்... அந்த ஒற்றை அறை வரிசை வீட்டில் ஏது கம்ப்யூட்டர்? ஸ்கூல் விட்ட பிறகு அங்கே உள்ள கம்ப்யூட்டரில் முறை வைத்து உட்கார்ந்து, எழுத்தைத் தேடித் தேடி டைப் அடித்தது.

"எதையும் நோண்டி வைக்காதீங்க. பிள்ளைங்க வேல இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் சர்ச்சுக்குப் போனார்.

நான் சும்மா இருப்பேனா? லேப்டாப் ஆமை வேகம். ஹட்டனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தம்பி ராஜு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டால் பறக்கும் என்றிருந்தான். "பயமா இருந்தா மொதல்ல வேர்ச்சுவல் மெஷின்ல போட்டுப் பாருங்கண்ணே. மெஷினுக்குள்ள ஒரு பொய் மெஷின். அங்க என்ன ஆனாலும் வெளிய ஒண்ணும் ஆகாது."

பென் ட்ரைவ் வேண்டுமே? மேசை லாச்சியை இழுத்துப் பார்த்தேன், ஒன்று கிடந்தது. லினக்ஸை அதில் ஏற்றினேன். அப்போதும் என்னவோ அழியும், சரியா என்று கேட்டது. சரி, சரி என்று தட்டிவிட்டேன். பிறகு ராஜு போனில் சொல்லச் சொல்ல, பொய் மெஷினை உண்டாக்கி, பென் ட்ரைவை அதில் கோர்த்து ஸ்டார்ட் கொடுத்தேன். ஜோராக வந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கேள்வி!

எந்த டிஸ்க்கைச் சொல்கிறது — பொய்யா, நிஜமா? நிஜம் என்றால் முப்பத்து நான்கு பிள்ளைகளின் கதி? அந்தக் குளிரிலும் எனக்கு வேர்த்தது.

"ராஜு, சத்தியமா ஒண்ணும் ஆகாதா?"

"அட அமுக்குங்கண்ணே!"

மாதாவே என்று கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன். லினக்ஸ் ஏறியது. லேப்டாப்பில் ஒரு போட்டோகூடக் காணாமல் போகவில்லை. பெரிய மலையைப் புரட்டிய மாதிரி ஒரு பிளேன்டீ ஊற்றிக் குடித்தேன்.

பிலோமினா வந்தார். லாச்சியைத் திறந்தார்.

"என்னங்க, இங்க இருந்த பென் ட்ரைவ் எங்க?"

டீக் கோப்பையைக் கீழே வைத்தேன். "ஏன்... அதுல என்ன இருந்துச்சு?"

"பிள்ளைங்க ப்ராஜெக்ட்தான். ஸ்கூல் கம்ப்யூட்டர்ல அடிச்சு நேரா அதுலதான் சேவ் பண்ணினது, லேப்டாப்புல இன்னும் ஏத்தலங்க."

நான் லேப்டாப்பைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பென் ட்ரைவ் அதில்தான் செருகியிருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் ராஜு போனில் கத்தினான்: "ஒடனே கழட்டுங்க! இனி அதுல எதையும் எழுதாதீங்க, அப்படியே கொண்டாங்க!" ஹட்டன் பஸ்ஸில் பிலோமினா வகுப்பு லிஸ்ட்டை எடுத்து மடியில் விரித்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கடையில் ராஜு ஏதோ சாஃப்ட்வேரை ஓடவிட்டான். அழிந்த ஃபைல்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. ராஜு திறந்து பேரைச் சொல்ல, பிலோமினா வகுப்பு லிஸ்ட்டில் கோடு போட்டார். பத்து... இருபது... முப்பத்து மூன்று. அதோடு நின்றுவிட்டது. மிச்சத்தின் மேல் லினக்ஸ் ஏறிவிட்டதாம்.

கோடு விழாத பேர் சுகன்யா. மற்றவர்கள் முடிக்கும்வரை காத்திருந்து, கடைசியாக டைப் அடித்துவிட்டு, மழையில் தோட்டத்து உச்சியில் இருக்கும் மேற்கணக்கு லயத்துக்கு நடந்து போகிற பிள்ளை.

திரும்பி வர பஸ் ஏறும்போது பிலோமினா சொன்னார். "நாளைக்கு அவ வீட்டுக்கு நீங்களே போயி சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தால், அழிக்கவா என்று கம்ப்யூட்டர் என்னிடம் இரண்டு தடவை கேட்டிருக்கிறது. நான் பயந்த தடவை ஒன்றும் அழியவில்லை. பயப்படாத தடவைதான் அழிந்தது. நாம் பயப்படுவதெல்லாம் எப்போதும் இடம் மாறித்தானோ?

ஞாயிறு காலை மேற்கணக்குக்கு ஏறினேன். லயத்து வாசலில் நின்று கூப்பிட்டேன். சுகன்யா முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தாள்.

"வாங்க சேர்! டீச்சர் என் ப்ராஜெக்ட பாத்தாங்களா? நல்லா இருக்குன்னாங்களா?"

கம்ப்யூட்டர் கேட்ட கேள்வியே தேவலைங்க.