அழாத பிள்ளைக்காம்பரா

இலங்கை மலையிலிருந்து கோத்தகிரிப் பக்கத்து இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த புதிதில் எனக்குப் பிடிபடாமல் போனது குளிரோ பேச்சோ இல்லை, பிள்ளைக்காம்பராவின் அமைதிதான். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் அந்த அறையை இங்கே கிரச் என்கிறார்கள். வரிசையாகத் தொட்டில்கள். பிள்ளைகள் விழித்துக்கொண்டுதான் கிடக்கும், ஒன்றும் அழாது. ஒவ்வொரு வாயிலும் ஒரு ரப்பர் நிப்பிள். நாம் சூப்பி என்போமே, அதுதான். எல்லாம் சேர்ந்து சப்புகிற சத்தம் மட்டும் கேட்கும்.

அங்கே நம் மலையில் இப்படியா இருந்தது? பக்கத்துச் செடி நிரையில் நிற்பவள் முகம் தெரியாத மூடுபனியிலும், கீழேயிருந்து வரும் அழுகையை வைத்தே அது என் ராசு என்று எனக்குத் தெரியும். நெஞ்சில் பால் கசியும். கங்காணி முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும் என்று கூடையை வைத்துவிட்டு இறங்கிவிடுவேன். அந்த ராசு, நாங்கள் கப்பலேறுவதற்கு முந்தைய மழையில் காய்ச்சல் கண்டு போய்விட்டான். அவனை ஆற்றோரத்தில் புதைத்துவிட்டுத்தான் வந்தோம். ஆகவே இங்கே பிறந்த என் மகள் செல்வியின் வாயில் ரப்பரை வைக்க எனக்கு மனசு வரவில்லை. பிள்ளை அழாவிட்டால், அதற்கு ஒன்று என்றால் மேலே நிற்கும் தாய்க்கு எப்படித் தெரியும்?

கிரச்சைப் பார்த்துக்கொள்ளும் மாராத்தாள் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரி. "பனி எறங்குற நாள்ல மட்டுமாச்சும் ரப்பரைக் குடுங்க அம்மணி" என்றாள். தன் தூக்கத்துக்கு வழி பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"பிள்ளை அழுதாத்தானே ஆயாம்மா எனக்கு வெளங்கும்?"

"உங்களுக்கு மட்டுங்களா கேக்குது? செடிக்குள்ள படுத்திருக்கறதுக்கும் கேக்குமுங்க. போன வருசம் இந்த வாசல்ல கட்டிப்போட்ட ஆட்டுக்குட்டி தாயைத் தேடிக் கத்துச்சுங்க. சிறுத்தை வந்து தூக்கீட்டுப் போயிருச்சு."

பூச்சாண்டி காட்டுகிறாள் என்று கணவரிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சந்தைக்குப் போனவர் ஒரு ரப்பரை வாங்கி வந்தார். அதைக் கூரை இடுக்கில் செருகி வைத்தேன்.

அடுத்த வாரம் ஒரு மதியம் பனி இறங்கியது. கீழே செல்வி அழுதாள். கூடையை வைத்துவிட்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கினேன். பக்கத்து நிரையில் செடி உரசும் சத்தமும் கூடவே இறங்கியது. துணைக்கு யாரோ ஒருத்தி வருகிறாள் என்று எண்ணி, "யாரது?" என்று கேட்டேன். நான் நின்றேன், சத்தமும் நின்றது. செல்வி மறுபடி அழுதாள். நான் அசையாமல்தான் நின்றிருந்தேன். செடி உரசும் சத்தம் மட்டும் என்னைத் தாண்டிக் கீழே இறங்கியது. அலறிக்கொண்டு ஓடினேன். மேஸ்திரியும் பெண்களும் கூடையைத் தட்டிக் கூச்சலிட்டுக்கொண்டே வந்தார்கள். உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, செல்வியை மார்போடு அணைத்தபடி மாராத்தாள் நின்றிருந்தாள். வாசல் ஈரமண்ணில் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடம். அவளைத் தப்பாக நினைத்ததற்கு வெட்கப்பட்டேன்.

மறுநாள் காலை ரப்பரை வெந்நீரில் அலசி நானே செல்வியின் வாயில் வைத்தேன். துப்பினாள். மறுபடி வைத்தேன். என்னையே பார்த்துக்கொண்டு சப்பத் தொடங்கினாள்.

இப்போது என் பிள்ளையும் அங்கே அழுவதில்லை. அதுதான் நல்லது என்று எனக்குத் தெரியும். ஆனால் பனி இறங்கினால், மேலே நிற்கும் என் காதில் ஒரு பிள்ளையின் அழுகை விழுகிறது. கிரச் இருக்கும் பக்கத்திலிருந்து இல்லை. பக்கத்தில் நிற்பவள் தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்கிறாள். பதறி ஓடிப்போய்ப் பார்த்தால் செல்வி சூப்பியோடு தூங்குகிறாள். அங்கே நம் மலையில் இருக்கிறவர்களே, ஆற்றோரம் போனால் ராசு கிடக்கிற இடத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள். அவனுக்கு யாரும் சூப்பி கொடுக்கவில்லை. இங்கே என் ரவிக்கை பாலில் நனைந்துவிடுகிறது.