கள்ளமணி

நோர்வேயில் ஏழரை மணியை ஏழரை என்று சொல்லமாட்டார்கள். 'ஹால்வ் ஓட்டே' என்பார்கள், அதாவது எட்டில் பாதி. எட்டு மணிக்கு இன்னும் அரை மணித்தியாலம் கிடக்கிறது என்பது அவர்களுடைய கணக்கு. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் இங்கே இருந்துவிட்டேன். இன்றைக்கும் யாராவது 'ஹால்வ்' என்று வாயெடுத்தால் என் மண்டைக்குள் முதலில் தமிழ் மணிக்கூடுதான் அடிக்கிறது. பிறகுதான் ஒரு மணித்தியாலத்தைக் கழிக்கிறேன். போன புதிதில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஹால்வ் ஓட்டேக்கு வரச் சொன்னார்கள். நான் நன்றாகச் சவரம் செய்து, தலை இழுத்து, எட்டரைக்குக் கால் மணித்தியாலம் முந்தியே போய் நின்றேன். ஏழரை என்றால் எங்கள் ஆட்களுக்குச் சனியன். எனக்கோ ஏழரைக்குப் போகாததால் சனியன் பிடித்தது.

அங்கே மேற்பார்வையாளர் ஒரு பெரிய, சிவந்த மனிதர். சுவர் மணிக்கூட்டைக் காட்டிச் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அதில் 'ஷேலே' என்றொரு சொல் இரண்டு தரம் வந்தது. பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டு நின்ற மானிப்பாய்க்காரரிடம் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"நீர் நேரத்தைக் களவெடுக்கிறீராம்," என்றார் அவர்.

கையுறையைக் கழற்றி எறிந்து, "நான் கள்ளனில்லை!" என்று தமிழில் கத்தினேன். அந்த மனிதர் பாவம், மிரண்டுபோய்க் கோப்பி ஊற்றிக்கொண்டு வந்து தந்தார்.

"அது இவங்கட பகிடி ஐசே. இதுக்குப் போய் ஏன் குதிக்கிறீர்?" என்றார் மானிப்பாய்க்காரர்.

ஏன் குதித்தேன் என்று அவருக்கு நான் சொல்லவில்லை. என் மனைவிக்கே கல்யாணமாகிப் பத்து வருடத்துக்குப் பிறகுதான் சொன்னேன். ஊரில் என் அப்பாவின் பட்டப்பெயர் கள்ளமணி.

சுப்பிரமணியம் என்பது அவருடைய பெயர். கூப்பிடுவது மணி. திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கிய ஒரு கொம்பனியில் காவலாளியாக இருந்தார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அந்த வேலை போய்விட்டது. அதன்பிறகு பாலையூற்றில் சைக்கிள் திருத்தும் கடையொன்றில்தான் அவருடைய காலம் கழிந்தது. பள்ளிக்கூடத்தில் என் பென்சில் தொலைந்தால்கூட, "கள்ளமணியின்ர மகனிட்டயே களவோ!" என்று சிரிப்பார்கள். அம்மாவிடம் கேட்டால், "அந்தக் கதையை இந்த வீட்டில எடுக்காதை," என்று எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார். வேலை போன வயிற்றெரிச்சல் அம்மாவுக்குக் கடைசி வரை ஆறவில்லை.

ஒன்பது வயதில் ஒருநாள் துணிந்து அப்பாவிடமே கேட்டேன். அவர் ஒரு சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சங்கிலி பூட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, நீங்கள் கொம்பனியில களவெடுத்தனீங்களோ?"

அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "ஓம். கொஞ்சம்தான்," என்றார்.

அந்தச் சிரிப்பு எனக்கு நெருப்பாகப் பட்டது. களவும் எடுத்துவிட்டுச் சிரிப்பு வேறா என்று நினைத்தேன். அதன்பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. அப்பாவோடு எந்தப் பேச்சையுமே பெரிதாக எடுக்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும். நாட்டு நிலைமை கெட்டுப்போய் நான் வெளிக்கிட்டபோது, பஸ் நிலையம் வரை பெட்டியைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தார். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் செத்தபோது எனக்கு இங்கே விசாவும் இல்லை, ஊருக்குப் போக வழியும் இல்லை.

இந்த வருடம் என் மகள் ஆரணி என்னை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஆம், அவள்தான் கூட்டிக்கொண்டு போனாள். நோர்வேயில் பிறந்து வளர்ந்தவள், கொஞ்சம் யோசித்து யோசித்துத் தமிழ் பேசுவாள். தாத்தாவைப் பற்றி அவள் கேட்டபோதெல்லாம், துறைமுகத்தில் வேலை செய்த நேர்மையான மனிதர் என்று சொல்லிவைத்திருந்தேன். போன மூன்றாம் நாள் அவள் ஒரு துண்டுப் பிரசுரத்தோடு அறைக்கு வந்தாள். நகரத்து நாடகக் குழுவொன்று ஆட்களைத் துறைமுகப் பக்கம் நடத்திக்கொண்டுபோய், பழைய களவுகளை நடந்த இடத்திலேயே நடித்துக் காட்டுகிறதாம். பெயர் 'கள்ளர் நடை'. ஒஸ்லோவில் இதுமாதிரி ஒன்றுக்குப் போய் விழுந்து விழுந்து சிரித்தவள், இதற்கும் இரண்டு பேருக்கு இடம் பதிந்துவிட்டாள்.

"அப்பா, இந்தக் கடைசிப் பேர் என்ன? கள்ள… மணி. அது ஆர்?"

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்த ஊர் வாயை மூடாமல் விட்டது போதாதென்று அதற்கு வேஷமும் கட்டியிருக்கிறது. எனக்கு வயிறு குத்துகிறது, நீ மட்டும் போ என்றேன். கள்ள வயிற்றுக்குத்துத்தான். அவள் மாத்திரையோடு வந்து நின்றாள். அவள் தனியே போய் அந்தக் கதையைக் கேட்பதைவிட, கூடப் போய் ஏதாவது பிழையாக மொழிபெயர்த்துவிடலாம் என்று ஒரு அற்ப யோசனை வந்தது. வெளிக்கிட்டேன்.

பின்னேரம் நாலரைக்கு உட்துறைமுக வீதியில் இருபது பேர் அளவில் கூடி நின்றோம். பாதிப் பேர் உள்ளூர்க் குடும்பங்கள், மற்றவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். வழிநடத்தியவர் கிண்ணியாவைச் சேர்ந்த ரிஸ்வான் என்ற நாடக ஆசிரியர். பழைய காலப் பொலிஸ் இன்ஸ்பெக்டர் வேஷம், கையில் பிரம்பு, வியர்வையில் ஒரு பக்கம் கழன்று தொங்கும் ஒட்டு மீசை.

"நாங்க பழைய கள்ளன்மாரை மட்டுந்தான் காட்டுவம். புதுக் கள்ளன்மாரைக் காட்டினா நாங்க உள்ளுக்கப் போகோணும்," என்று தொடங்கியதும் எல்லாரும் சிரித்தார்கள். சுங்கக் கட்டடத்துக்கு எதிரே, வயிற்றில் பத்துச் சீலையைச் சுற்றிக்கொண்டு பிள்ளைத்தாய்ச்சி மாதிரி நடந்த கடத்தல்காரன் வந்தான். ஆரணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். இன்ஸ்பெக்டர் அவளுடைய பாஸ்போட்டைக் கேட்டு, "நோர்வேயோ? உண்மைப் பாஸ்போட்டா, கள்ளப் பாஸ்போட்டா?" என்று உறுக்கினார். அதற்கும் சிரிப்பு. அவளுடையது உண்மைப் பாஸ்போட்தான். கள்ளப் பாஸ்போட்டில் போன நான்தான் பக்கத்தில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

கடைசி இடம் தகரம் கழன்ற ஒரு பழைய களஞ்சியம். முன்னால் நின்ற வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மெலிந்த நடிகர் ஒருவர் காக்கிச் சட்டையோடு அதற்குக் கீழே நின்றார். காதில் பென்சில் செருகியிருந்தார். என் அப்பாவும் அப்படித்தான் செருகுவார். நான் வந்த வழியே திரும்பினேன். ஆரணி என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு உண்மையாகவே சுகமில்லை என்று நினைத்தாள்.

ரிஸ்வான் இப்போது கொம்பனித் துரையாக மாறிக் கதிரையில் சாய்ந்தார். காவலாளிதான் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு மணி அடிக்கவேண்டும். மூட்டை தூக்குகிறவர்கள் ஒருவரிடமும் கைக்கடிகாரம் இல்லை. ஒரு கோடை முழுவதும் இந்தக் காவலாளி பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே மணியை அடித்தார். துரையும் அந்த மணியை நம்பி நேரத்தோடு போய்ச் சாப்பிட்டுத் தூங்கினார். கடைசியில் ஒரு கப்பல் அதிகாரி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்ததில் எல்லாம் வெளித்துவிட்டது. துரை மேசையில் அடித்து எழும்பினார்.

"நீ கொம்பனியின்ர நேரத்தைக் களவெடுத்தனியா?"

காவலாளி நிலத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து சிரித்தார்.

"ஓம் துரை. கொஞ்சம்தான்."

எல்லாரும் கைதட்டினார்கள். நான் அப்படியே அந்தப் புழுதியில் குந்திவிட்டேன். கள்ளன் மணி இல்லை. கள்ள மணி. பொய்யாக அடித்த மணி. கள்ளக் காய்ச்சல், கள்ளச் சாவி, கள்ளப் பாஸ்போட் என்று வாழ்நாள் முழுக்கப் பேசியவனுக்கு, அதே சொல் அப்பாவின் பெயருக்கு முன்னால் வந்தபோது மட்டும் வேறு அர்த்தம் தெரியவில்லை. அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டதற்குத் துரைக்குச் சொன்ன பதிலையே எனக்கும் சொன்னார். அவர் விட்டது பகிடி. நான் அதை வாக்குமூலமாக எடுத்துக்கொண்டேன். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது உண்மை. இறங்கிய இடத்தில் வலித்ததும் உண்மை.

ஆரணி குனிந்து, "அப்பா, ஏன் அழுறீங்கள்?" என்றாள்.

"அது தாத்தா," என்றேன். பிழையாக மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை.

ரிஸ்வான் ஓடிவந்து கையைப் பிடித்துத் தூக்கினார். மீசை இப்போது முழுதாகக் கழன்றிருந்தது. "நீங்க அவர்ர மகனா? எங்கட வாப்பாட வாப்பாவும் இங்கதான் மூட்டை தூக்கினவர். ஒருநாள் வெயிலில மயங்கி விழுந்துட்டார். அதுக்கு அடுத்த நாளிலயிருந்துதான் உங்கட அப்பா மணியை முந்தி அடிக்கத் தொடங்கினவராம். இப்பவும் எங்கட வீட்டில பன்னிரண்டுக்குப் பத்து நிமிசம் எண்டா, 'கள்ளமணி ஆயிட்டு, சோத்தைப் போடுங்க' எண்டுதான் சொல்றது."

எங்கள் தெருவில் நான் காதைப் பொத்திக்கொண்டு ஓடிய அந்தப் பெயரை, குடாவுக்கு அந்தப் பக்கம், கிண்ணியாவில் ஒரு வீட்டில் நாள்தோறும் சோற்றோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ரிஸ்வான் இரும்புக் கம்பியை என் கையில் தந்தார். தண்டவாளத் துண்டில் ஓங்கி அடித்தேன். எங்கள் ஊர்த் தெருக்களில் மாடு மாதிரித் திரியும் மான்கள், மதிலோரம் பழத்தோல் தின்றுகொண்டு நின்றவை, ஒருதரம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தின்றன.

நோர்வேக்குத் திரும்பி வந்து இரண்டு மாதமாகிறது. வந்த அன்றே கதிரையில் ஏறி, குசினி மணிக்கூட்டைப் பத்து நிமிடம் முன்னுக்குத் தள்ளி வைத்தேன். வெளியே தேவாலயத்து மணி நோர்வே நேரத்துக்கு அடிக்கிறது. என் கைபேசி திருகோணமலை நேரத்தைக் காட்டுகிறது. குசினியில் ஓடுவது இரண்டிலும் சேராது. முதலில் மனைவிக்கு அது பிடிபடவில்லை. பிறகொரு நாள் பஸ் வர இன்னும் பத்து நிமிடம் கிடக்கப் பனிக்குள் போய் நின்று விறைத்துவிட்டு, திரும்பி வந்ததும் இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்.

"இஞ்சருங்கோ, இந்த மணிக்கூட்டில கள்ளவேலை பாத்தது நீங்களோ?"

"ஓம்," என்றேன். "கொஞ்சம்தான்."