தங்க வளையா, மீன் வலையா

அமிர்தகழியிலிருந்து கரடியனாற்றுக்குப் போகிறவர்கள் யாரும் முதலில் காத்தான்குடிக்குப் போகமாட்டார்கள். ஒன்று மேற்கே, மற்றது தெற்கே. மாசி மாதத்து ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நானும் என் மனைவி மலரும் அப்படித்தான் புறப்பட்டோம். எங்கள் பழைய வெள்ளைக் காரை வாங்கக் கரடியனாற்றில் ஒருவர் காத்திருந்தார். என் கண்ணுக்கு எதிர் வெளிச்சம் ஒத்துவரவில்லை, விற்கத்தான் வேண்டும். ஆனால் அதைக் கொடுப்பதற்கு முன், மாதக்கணக்காக வாய் திறக்காத அதன் சீடி பிளேயரைப் பாட வைத்தாக வேண்டும். இது வாங்குகிறவரின் நிபந்தனை அல்ல. ஒஸ்லோவில் இருக்கும் எங்கள் மகள் வதனியின் ஆசை.

நாங்கள் இருவரும் கரடியனாற்றுப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்த காலத்தில், வதனியும் பின் சீட்டில் கூட வருவாள். செங்கலடியில் மேற்கே திரும்பியதும் வீதியோரப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டு, அவளுடைய சிறுவர் பாட்டு சீடியைப் போடுவோம். முதல் பாட்டு நடுவில் ஒரு துள்ளுத் துள்ளி, சில சொற்களை விழுங்கிவிட்டு, ‘அம்மா கையில் மீன் வலை’ என்று பாடும். வதனி சிரித்துப் புரளுவாள். இப்போது தன் கைக்குழந்தைக்கும் அதையே பாடித் தூங்க வைக்கிறாள். யாழ்ப்பாணத்து மருமகனோ, எந்தத் தாய் மீன் வலையோடு பிள்ளையைத் தாலாட்டுவாள் என்று கேட்டுக் கேலி செய்கிறாராம். இணையத்தில் அந்தப் பாட்டு எங்கும் கிடைக்கவில்லை.

“அம்மா, நம்மட சீடி அப்படித்தானே பாடும்? அத ஒருக்காப் பதிஞ்சு அனுப்புங்க” என்று போனில் கேட்டிருந்தாள். ஒஸ்லோவுக்குப் போனதிலிருந்து அவள் எங்களிடம் கேட்ட ஒரே பொருள் இந்தத் துள்ளல்தான். சீடியோ பிளேயருக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தது.

கல்லடிப் பாலத்தில் ஏறும்போது வாவி சலனமில்லாமல் கிடந்தது. தோணியில் நின்றபடி ஒருவர் வலை வீசிக்கொண்டிருந்தார். “அந்தா, மீன் வலை” என்றேன். மலர் சிரிக்கவில்லை.

காத்தான்குடிப் பிரதான வீதியில் கார் ரேடியோ திருத்தும் கடை ஒன்று உண்டு. கடைக்காரரை எல்லாரும் அண்ணன் முறையில் நானா என்றே கூப்பிடுவார்கள். அவர் உட்கார்ந்ததும் முதலில் பியூஸைக் குறை சொன்னார். ரேடியோ பாடுகிறதே என்றேன்.

“அப்ப பியூஸ் இல்ல சேர். உள்ளுக்க பெல்ட் போயிருக்கும். கழட்டிப் பாப்பம்.”

மலர் குனிந்து சொன்னாள். “நானா, பிளேயரத் திருத்துங்க. ஆனா சீடியில ஒரு கீறல் இருக்கு, அதுல கை வெச்சிராதீங்க. அந்தத் துள்ளல்தான் எங்களுக்கு வேணும்.”

நானா தலையை நிமிர்த்திப் பார்த்தார். “பழுதத் திருத்தாதீங்க எண்டு வந்த முதல் ஆள் நீங்கதான் டீச்சர்.”

மூடியைத் திறந்தால், இறப்பர் பெல்ட் தளர்ந்து தொய்ந்திருந்தது. பழைய பிளேயர் ஒன்றிலிருந்து வேறு பெல்ட் எடுத்துப் போட்டார். லென்ஸைப் பஞ்சால் ஒற்றித் துடைத்தார். சீடியை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல கீறலே இல்லையே” என்றார். பிறகு மேசை மீதே பாட விட்டார். பாட்டு துள்ளவில்லை. பட்டுப்போல ஓடியது.

‘அம்மா கையில் தங்க வளை, ஆற்று மேலே மீன் வலை.’

மலரின் முகம் இருண்டுவிட்டது. “இது எங்கட சீடி இல்ல. மாத்திப்போட்டீங்க.”

“அல்லாஹ்வே! உங்கட கண்ணுக்கு முன்னாலதானே எடுத்தன்? நீங்க இத எங்க வெச்சுக் கேட்டீங்க?”

“கரடியனாற்று றோட்டில.”

“அப்ப துள்ளினது சீடி இல்ல டீச்சர். றோட்டு.”

எனக்கு அப்போதுதான் அந்த மதகு நினைவுக்கு வந்தது. பிள்ளையார் கோயிலுக்கும் அதற்கும் அரைக் கிலோமீட்டர். அப்போது வீதியெல்லாம் குழி, எந்தக் காரும் ஊர்ந்துதான் போகும். அதனால் தினமும் பாட்டின் அதே இடத்தில், ஒரு சொல் முன்னே பின்னே, மதகில் ஏறிக் குதித்திருக்கிறோம். நானாவுக்கு இரண்டாயிரம் ரூபாயைக் கொடுத்துவிட்டுக் காரை எடுத்தேன்.

ஏறாவூர் தாண்டிச் செங்கலடியில் திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தினோம். மலர் சீடியைப் போட்டு, போனில் பதிவை அழுத்தினாள். ஆனால் போகாதவர்களுக்குச் சொல்கிறேன், இப்போது அது வழவழவென்று தார் போட்ட காப்பெட் வீதி. வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது. மதகு வந்தது, போனது. ‘அம்மா கையில்’ வந்தபோது நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். பாட்டு தங்க வளைக்குப் போனது. அதே நொடியில் மலர் தன்னை மறந்து, அதற்கு மேலாக உரக்க ‘மீன் வலை’ என்று பாடிவிட்டாள்.

“சே, பழுதாப் போச்சு. இஞ்சருங்க, வட்டைக்குள்ள விடுங்க.”

வயல்களுக்குள் இறங்கும், கல்லும் பள்ளமுமான கிறவல் பாதையில் விட்டேன். நாங்கள் இருவரும் தலை இடிபடத் துள்ளினோம். சீடி மட்டும் துள்ளவில்லை. நானா அவ்வளவு நன்றாகத் திருத்தியிருந்தார்.

கார் வாங்குகிறவர் இரண்டு தடவை போனில் கூப்பிட்டுவிட்டார். வேறு வழியில்லாமல் மலரின் குரல் விழுந்த முதல் பதிவையே மகளுக்கு அனுப்பினோம். மலர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஒண்டே ஒண்டு கேட்டாள், அதையும் குடுக்க ஏலாமப் போச்சு” என்றாள். அந்தப் பின் சீட்டுச் சிரிப்பு இனி எந்தப் பட்டறையிலும் கிடைக்காது.

கரடியனாற்றில் சாவியைக் கொடுத்தோம். வாங்கியவரின் பிள்ளை சீடியைக் கேட்டு அழ, மலர் அதைப் பிளேயருக்குள்ளேயே விட்டுவிட்டாள். “இந்த றோட்டுக்கு அது சரியாப் பாடும்” என்றாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் வதனியின் குரல் பதிவு வந்தது. முதலில் மருமகனின் குரல்: “இது மாமியெல்லோ பாடுறா, பாட்டில தங்க வளையெண்டுதான் கேக்குது.” குழந்தை ஏதோ கத்தியது. பிறகு வதனி: “அம்மா பாடினா அதுதான் பாட்டு.”

மலர் அதை மூன்றாம் முறை கேட்டுக்கொண்டிருந்தபோது பஸ் மதகைத் தாண்டியது. ஒரு குலுக்கலும் இல்லை. நாங்கள் இருவர் மட்டும் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தோம்.